பட்டாளத்துக் கடிதத்தில் ஊர்ப்பெயர் ஏன் இல்லை?

ரங்கூன் தாம்வேயில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதற்குள் பழைய பட்டுத் துணியில் சுற்றிய ஒன்பது கடிதங்கள். அவருடைய அப்பா 1944, 1945 ஆண்டுகளில் பட்டாளத்திலிருந்து மனைவிக்கு எழுதியவை. குடும்பம் ரங்கூனில்தான் இருந்தது. 1942இல் ஜப்பானியர் வந்தபோது, மற்றவர்களோடு சேர்ந்து எல்லையோரத் தாமு வழியாக நடந்தே இந்தியாவுக்குப் போனார்கள். மனைவியைப் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் விட்டுவிட்டு அவர் மதராஸ் சாப்பர் பட்டாளத்தில் சேர்ந்தார். சாலை போடுவது, பாலம் கட்டுவது, கண்ணிவெடி அகற்றுவது அந்தப் பட்டாளத்தின் வேலை. ராணுவத்தில் அவர்களைச் செல்லமாகத் 'தம்பி' என்றே அழைப்பார்கள். சண்டை முடிந்ததும் ரங்கூனுக்குத் திரும்பினார். கடிதங்களும் மனைவியோடு திரும்பி வந்தன.

சென்ற மாதம் பெரியம்மாவின் பேரப்பிள்ளைகள் அவற்றை எடுத்துப் படித்தார்கள். படித்துவிட்டு, "கொள்ளுத்தாத்தா எங்கே இருந்தார், என்ன செய்தார் என்று ஒரு வரிகூட இல்லையே. மாடு, கன்று, வட்டிப் பாக்கி, இதைத்தானே எழுதியிருக்கிறார்" என்றார்கள். பெரியம்மா பதில் சொல்லவில்லை. துணியை மடித்துப் பெட்டியை மூடிவிட்டார்.

அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போர்க்காலக் கடிதங்களைப் பற்றி நம்மிடையே உலவும் பேச்சு அப்படி. சிப்பாய்க்கு எழுத ஒன்றும் இல்லை என்பார்கள் சிலர். எல்லாவற்றையும் வெள்ளைக்காரன் கிழித்துப் போட்டுவிட்டான் என்பார்கள் வேறு சிலர். முத்திரையில் இருக்கும் எஃப்.பி.ஓ. என்ற எழுத்துகளை ஓர் ஊரின் சுருக்கப் பெயர் என்று நினைத்து வரைபடத்தில் தேடியவரையும் நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கடிதங்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நாடகக் கம்பெனிக்குக் கடிதம் போடுவது போல

பட்டாளத்துக்கு நிலையான முகவரி கிடையாது. அப்படியானால் கடிதம் எப்படிப் போய்ச் சேரும்?

அந்தக் காலத்து நாடகக் கம்பெனியை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதம் மதுரையில் முகாம், அடுத்த மாதம் காரைக்குடி, அதற்கடுத்து எங்கே என்று நடிகருக்கே தெரியாது. அவருக்கு வீட்டிலிருந்து கடிதம் போட வேண்டுமென்றால், கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு அவர் பெயரையும் கம்பெனி பெயரையும் எழுதி அனுப்பினால் போதும். இன்றைக்கு முகாம் எங்கே என்பது அலுவலகக் கணக்குப்பிள்ளைக்குத் தெரியும். அவர் திருப்பி அனுப்பிவிடுவார். கம்பெனி எங்கே போனாலும் வீட்டார் எழுதும் முகவரி மாறாது.

பட்டாளத் தபாலும் இதே ஏற்பாடுதான். சிப்பாய்க்கு எழுதும் கடிதத்தின் மேல் அவருடைய எண், பதவி, பெயர், பிரிவு ஆகியவை மட்டும் இருக்கும். ஊர்ப்பெயர் இருக்காது. 1943 இறுதியில் தென்கிழக்கு ஆசியக் கட்டளையகம் என்ற பெரும் ராணுவ அமைப்பு உருவான பிறகு, அதன் ஆங்கிலச் சுருக்கமான 'சீயாக்' என்பதையும் முகவரியில் சேர்த்தார்கள். இலங்கையிலிருந்து பர்மா வரை எங்கே இருந்தாலும் அதே 'சீயாக்'தான். கடிதங்கள் முதலில் தளத் தபால் நிலையம் என்ற பெரிய பிரிப்பகத்துக்குப் போகும். எந்தப் பிரிவு இப்போது எங்கே இருக்கிறது என்ற ரகசியப் பட்டியல் அங்கே இருக்கும். பிரிவு நகர நகரப் பட்டியலையும் திருத்திக்கொண்டே இருப்பார்கள். அதைப் பார்த்துக் கட்டுக் கட்டாகப் பிரித்து முன்னே அனுப்புவார்கள்.

முன்னே அவற்றை வாங்கிக்கொள்வதுதான் களத் தபால் நிலையம். ஆங்கிலத்தில் ஃபீல்டு போஸ்ட் ஆபீஸ், சுருக்கமாக எஃப்.பி.ஓ. படைப்பிரிவோடு கூடவே நகரும் தபால் நிலையம் அது. ஒரு கூடாரம், ஒரு மேசை, சில சாக்குகள், ஒரு முத்திரை இருந்தால் நிலையம் தயார். இந்தியப் படைகளுக்கு இது புதிதல்ல. 1856இல் பாரசீகத்துக்குப் போன படையோடு களத் தபால் நிலையமும் போயிருக்கிறது. சாதாரணத் தபால் முத்திரையில் காரைக்குடி என்றோ மௌல்மீன் என்றோ ஊர்ப்பெயர் இருக்கும். களத் தபால் முத்திரையில் அந்த இடத்தில் ஓர் எண் மட்டும் இருக்கும். நிலையம் இன்று தாமுவில், அடுத்த மாதம் கலேவாவில் என்றாலும் எண் அதேதான். கடிதம் எதிரியின் கையில் சிக்கினாலும் எண்ணைப் பார்த்து ஊரைச் சொல்ல முடியாது.

பெரியம்மாவின் பெட்டியில் இருக்கும் ஒன்பதிலும் அஞ்சல்தலை கிடையாது. போர்முனையிலிருந்து எழுதுகிறவருக்கு அந்தச் சலுகை இருந்தது. அஞ்சல்தலை ஒட்டும் இடத்தில் 'போர்ப் பணியில்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களைக் கையால் எழுதியிருக்கிறார். அந்த மூன்று சொற்களை மட்டும் யாரோ எழுதிக் காட்டியதைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும். ஒவ்வோர் எழுத்தும் படம் வரைவது போலத் தனித்தனியாக நிற்கிறது.

தபாலுக்கு ராணுவம் எவ்வளவு மதிப்புக் கொடுத்தது என்பதற்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். 1944இல் ஜப்பானியப் படை இம்பாலைச் சுற்றி வளைத்தது. மார்ச் இறுதியில் அறுபட்ட சாலை ஜூன் 22இல்தான் திறந்தது. இடையில் எல்லாமே விமானத்தில் வந்தன. அரிசியும் மருந்தும் குண்டும் பெட்ரோலும் ஏற்ற விமானம் போதாமல் தவித்த நேரம் அது. அந்த நெருக்கடியிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தபால் மூட்டைகள் உள்ளே வந்து சேர்ந்தன. ஒரு மூட்டைத் தபாலுக்குப் பதிலாக ஒரு மூட்டை மாவை ஏற்றியிருக்கலாம், ஆனாலும் தபாலை நிறுத்தவில்லை. கடிதம் வராத சிப்பாயின் மனம் என்ன ஆகும் என்பது தளபதிகளுக்குத் தெரிந்திருந்தது.

சுருக்கமாக இவ்வளவுதான்: சிப்பாயின் முகவரி ஓர் இடத்தின் பெயர் இல்லை, ஒரு பிரிவின் பெயர். முத்திரையில் உள்ள எண், பிரிவோடு நகரும் தபால் நிலையத்தின் எண். ஊர்ப்பெயர் இல்லாதது மறதியால் நேர்ந்ததில்லை, ஏற்பாடே அப்படித்தான்.

புள்ளிக் கோலமும் தணிக்கையும்

முகவரியில்தான் ஊர் இல்லை, கடிதத்தின் உள்ளே எழுதியிருக்கலாமே? முடியாது. அங்கேதான் தணிக்கை வருகிறது. கடிதத்தை அனுப்புவதற்கு முன் ஒருவர் படித்துப் பார்த்து, எதிரிக்குப் பயன்படக்கூடிய செய்தி இருந்தால் நீக்குவதைத்தான் தணிக்கை என்கிறோம். சினிமாத் தணிக்கை என்று நாம் கேள்விப்படுவதற்கும் இதற்கும் நோக்கம் வேறு.

ஒரு சாதாரணச் சிப்பாய்க்கு என்ன பெரிய ரகசியம் தெரிந்துவிடும் என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு வாசலில் போடும் புள்ளிக் கோலத்தை உதாரணமாகச் சொல்கிறேன். ஒரு புள்ளியைப் பார்த்தால் அது வெறும் மாவுப் பொட்டு. நாலு புள்ளி விழுந்ததும், கைதேர்ந்த பெண்மணி தள்ளி நின்றே "தாமரையா? தேர் இல்லையே?" என்று கேட்டுவிடுவார். கோடு இழுக்கும் வரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை. உளவுத் துறையின் வேலையும் இதுதான். ஒவ்வொரு கடிதமும் ஒரு புள்ளி.

பர்மாவிலேயே ஓர் உதாரணம். 1944 டிசம்பரில் கலேவாவில் சிண்ட்வின் என்ற ஆற்றின் மேல் பெய்லி பாலம் ஒன்று எழுந்தது. ஆயத்தமாகச் செய்து வரும் இரும்புத் துண்டுகளைக் களத்திலேயே பூட்டிக் கட்டுவது பெய்லி பாலம். இது சுமார் 1,150 அடி நீளம். அந்த வகையில் அன்றைக்கு உலகிலேயே நீளமானது. இப்போது மூன்று சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதுவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒருவர், "காவிரியைப் போல அகலமான ஆறு" என்கிறார். இன்னொருவர், "தினமும் இரும்பு தூக்கித் தூக்கித் தோள் வலிக்கிறது" என்கிறார். மூன்றாமவர், "பொங்கலுக்குள் அக்கரைக்குப் போய்விடுவோம்" என்கிறார். ஒருவரும் ரகசியத்தைச் சொல்லவில்லை. மூன்றையும் சேர்த்தால் பெரிய ஆற்றில் பெரிய பாலம், முடியும் நாள் இன்னது என்று கோலம் முழுமையாகிவிடுகிறது.

இதைவிடப் பெரிய உதாரணம் தாமுவில் நடந்தது. இன்று மணிப்பூர் எல்லையூரான மோரேயில் நம் பர்மாத் தமிழர்கள் வாழ்கிறார்களே, அதற்கு எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் தாமுதான். 1945 தொடக்கத்தில் பர்மாவில் போரிட்ட பிரிட்டிஷ் பதினான்காம் படையின் தளபதி ஸ்லிம் ஒரு பெரிய ஏமாற்று வேலை செய்தார். தம் படையின் ஒரு பெரும்பகுதியான நான்காம் கோரை ரகசியமாகத் தெற்கே திருப்பி, கங்காவ் பள்ளத்தாக்கு வழியாகப் பக்கோக்குவுக்கு அனுப்பினார். தாமுவிலோ அந்தக் கோரின் பொய்த் தலைமையகம் ஒன்றை வைத்து வானொலிச் செய்திகளைத் தொடர்ந்து அனுப்பவைத்தார். மொத்தப் படையும் வடக்கிலிருந்து மாந்தளேயைத்தான் தாக்கப்போகிறது என்று ஜப்பானியர் நம்பினார்கள். பிப்ரவரி 14இல் நியாங்கு அருகே ஐராவதியைக் கடந்த படை, மார்ச் முதல் வாரத்தில் மெய்க்திலாவைப் பிடித்தது. ஜப்பானியரின் உணவும் குண்டும் அந்த ஊர் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தன. மார்ச் 20இல் மாந்தளேயும் விழுந்தது.

அந்த வாரங்களில் அந்தப் பள்ளத்தாக்கில் லாரி லாரியாகப் போய்க்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானோரும் வீட்டுக்கு எழுதியவர்கள்தான். யாராவது ஒருவர் மனைவிக்கு ஆசையாக "பக்கோக்குப் பக்கம் வந்துவிட்டோம்" என்று எழுதி, அந்தத் தபால் பை ஜப்பானியர் கையில் விழுந்திருந்தால் நடந்திருக்கக்கூடியதை எண்ணிப் பாருங்கள். நியாங்குக் கரையில் துப்பாக்கி அவர்களுக்காகக் காத்திருந்திருக்கும். தணிக்கை அதிகாரியின் கத்திரிக்கோலை நான் வெறுக்காததற்குக் காரணம் இதுதான். அந்தக் கத்திரிக்கோல் சிப்பாயின் உயிரையும் காத்தது.

கத்திரிக்கோல் என்று சும்மா சொல்லவில்லை. மையால் அடிப்பதும் உண்டு, வெட்டி எடுப்பதும் உண்டு. பெட்டியில் இருக்கும் நான்காவது கடிதத்தில், இரண்டாம் வரியில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டப்பட்டிருக்கிறது. தாளைத் தூக்கிப் பிடித்தால் சன்னல் மாதிரி வெளிச்சம் வருகிறது. வெட்டியவர் முன்பக்கத்து ஊர்ப்பெயருக்காகத்தான் வெட்டியிருப்பார். ஆனால் தாளின் பின்பக்கத்திலும் எழுத்து இருந்ததே! அங்கே "குழந்தைக்கு இந்த மாதம்" என்று ஒரு வரி தொடங்குகிறது, பிறகு ஓட்டை. குழந்தைக்கு இந்த மாதம் என்ன செய்யச் சொன்னார் என்பது பெரியம்மாவின் அம்மாவுக்கும் தெரியாமலே போய்விட்டது. அந்தக் குழந்தை பெரியம்மாவின் அண்ணன்.

யார் படித்தார்கள்?

தணிக்கை இரண்டு இடங்களில் நடந்தது. முதலாவது, பிரிவுக்குள்ளேயே. சிப்பாய் உறையை ஒட்டாமல் கொடுக்க வேண்டும். பிரிவின் அதிகாரி படித்துப் பார்த்து, முத்திரை வைத்துக் கையெழுத்திடுவார். இரண்டாவது, பின்னால் இருக்கும் தளத்தில். அங்கே தணிக்கையாளர்கள் சில கடிதங்களைப் பிரித்துப் படித்து, திறந்த ஓரத்தில் சீட்டு ஒட்டி மூடுவார்கள்.

தன் பெண்டாட்டிக்கு எழுதுவதைத் தன் மேலதிகாரி படிக்கிறார் என்றால் யாருக்குத்தான் மனம் திறக்கும்? காலையில் அணிவகுப்பில் அதே ஆளின் முகத்தில் விழிக்க வேண்டுமே. இந்தச் சங்கடத்தை ராணுவமும் உணர்ந்தது. பிரிட்டிஷ் படைகளில் பச்சை உறை என்று ஒன்றைக் கொடுத்தார்கள். உள்ளே சொந்த, குடும்ப விஷயம் மட்டுமே இருக்கிறது என்று சத்தியமாகக் கையெழுத்திட்டு ஒட்டிக் கொடுத்துவிடலாம். பிரிவு அதிகாரி பிரிக்க மாட்டார், தளத்தில் வேண்டுமானால் பிரிப்பார்கள். தெரிந்தவர் படிப்பதைவிடத் தெரியாதவர் படிப்பது மேல் என்பதுதான் அதிலிருந்த ஆறுதல்.

இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களில் மொழிச் சிக்கல் வேறு. பல மொழிகளில் வரும் கடிதங்களுக்கு அந்தந்த மொழி தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். முதல் உலகப் போரிலேயே பிரான்சில் இந்தியத் தபாலுக்கென்று தனித் தணிக்கை அலுவலகம் வைத்திருந்தார்கள். அங்கே வேலை படிப்பதோடு முடியவில்லை. சிப்பாய்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை அறியக் கடிதங்களின் பகுதிகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அறிக்கையாக மேலே அனுப்பினார்கள். இதை மன உறுதி அறிக்கை என்று சொல்லலாம். படையின் மனநிலை ஏறுகிறதா, இறங்குகிறதா என்று கணிக்கும் நாடி அது. நாட்டின் பாதுகாப்புக்கு என்று தொடங்கிய வேலை இங்கே ஆட்களை வேவு பார்ப்பதாகவும் மாறிவிட்டது. இதை நான் நியாயப்படுத்தவில்லை.

சிப்பாய்களும் சும்மா இருக்கவில்லை. முதல் போரில் வட இந்தியச் சிப்பாய்கள் சிலர் 'கறுப்பு மிளகு' என்றால் இந்தியர், 'சிவப்பு மிளகு' என்றால் வெள்ளையர் என்று வைத்துக்கொண்டு, கறுப்பு மிளகு தீர்ந்துகொண்டு வருகிறது என்று எழுதினார்கள். இந்தியர்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள், இங்கே வராதீர்கள் என்பது அதன் பொருள். தணிக்கையாளர்கள் அதையும் கண்டுபிடித்தார்கள்.

இரண்டாம் போரிலும் இத்தகைய அறிக்கைகள் தொடர்ந்தன. 1943இல் வங்காளத்தில் பஞ்சம் தலைவிரித்தாடியது. பர்மா அரிசி நின்றுபோனதால் சென்னை மாகாணத்திலும் அரிசி விலை ஏறியது. வீட்டில் அடுப்பு எரிகிறதா என்ற கவலைதான் சிப்பாய்களின் கடிதங்களில் திரும்பத் திரும்ப வந்தது என்பது அந்த அறிக்கைகளிலிருந்தே தெரிகிறது. நம் அரிசி விளைந்த மண்ணுக்காகச் சண்டை போட்டவர்கள், அந்த அரிசி இல்லாமல் வீட்டார் என்ன செய்கிறார்களோ என்று தவித்திருக்கிறார்கள். அந்த அறிக்கைகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. கடிதங்களோ கிராமத்து வீடுகளில் கறையானுக்கு இரையாகிவிட்டன.

இந்தப் பகுதியின் சாரம்: ஒரு கடிதத்தைப் பிரிவு அதிகாரி படிக்கலாம், தளத்தில் முகம் தெரியாதவர் படிக்கலாம். எதிரிக்குத் துப்புக் கிடைக்காமல் தடுப்பது முதல் நோக்கம், படையின் மனத்தை அறிவது இரண்டாவது. பெரும்பாலான கடிதங்களை எவரும் கிழித்துப் போடவில்லை. சில சொற்கள் போயின, கடிதம் வீடு சேர்ந்தது.

முதல் தணிக்கையாளர் எழுதியவரே

இதுவரை சொன்ன இரண்டு தணிக்கையையும்விட வலுவான ஒன்று இருந்தது. அதற்கு முத்திரையும் கிடையாது, கத்திரிக்கோலும் கிடையாது.

எழுதப் படிக்கத் தெரிந்த சிப்பாய்கள் குறைவு. தெரியாதவர் பக்கத்துப் படுக்கைக்காரரைக் கெஞ்சி எழுதச் சொல்ல வேண்டும். ஊரில் கடிதம் போய்ச் சேர்ந்தாலும் வாங்கும் மனைவிக்கும் படிக்கத் தெரியாது. தபால்காரரோ பள்ளிக்கூடத்து வாத்தியாரோ திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். மாமியார், கொழுந்தன், எதிர் வீட்டார் எல்லோரும் கேட்பார்கள். அப்படியொரு சபையில் படிக்கப்படப்போகும் கடிதத்தில் "உன்னை நினைத்து இரவெல்லாம் தூங்கவில்லை" என்று எழுத முடியுமா? அதனால் நம் பழைய கடித மரபே அவர்களுக்குக் கைகொடுத்தது. தலையில் பிள்ளையார் சுழி. "இவ்விடம் யாவரும் சுகம். அவ்விடத்துச் சுகத்துக்கு எழுதவும்." பிறகு அம்மாவுக்கு நமஸ்காரம், பிள்ளைக்கு ஆசீர்வாதம். மனைவிக்கு என்று தனியாக ஒரு வரி இருந்தால் அதுவே பெரிது.

அந்த 'சுகம்' என்ற சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். பர்மாக் களத்தில் குண்டடியைவிட நோய்தான் அதிகம் பேரைச் சாய்த்தது. 1943இல் ஸ்லிம் பொறுப்பேற்ற சமயத்தில், காயத்தால் பின்னுக்கு அனுப்பப்பட்ட ஒவ்வொருவருக்கும் நோயால் அனுப்பப்பட்டவர்கள் 120 பேர். மலேரியா, வயிற்றுக்கடுப்பு, ஸ்கிரப் டைபஸ். மலேரியாவைத் தடுக்கத் தினமும் மெப்பாகிரின் மாத்திரை விழுங்கவைத்தார்கள். அது தோலையே மஞ்சளாக்கிவிடும். காய்ச்சலில் நடுங்கியவர், மாத்திரையால் உடல் மஞ்சள் பூத்தவர், அட்டைக் கடியில் கால் புண்ணானவர் எல்லோரும் எழுதிய முதல் வரி 'சுகம்' என்பதுதான். அந்தச் சொல் உடல்நிலையைச் சொல்லவில்லை. 'உயிரோடு இருக்கிறேன், பயப்படாதே' என்று சொல்கிறது.

வீட்டாரும் இதையே செய்தார்கள். குழந்தை சீக்கில் கிடந்ததையும் நகை அடகுக்குப் போனதையும் எழுதாமல் "இங்கு எல்லாம் நலம்" என்றே பதில் போட்டார்கள்.

கடிதத்தை விட உண்மையை அதிகம் சொன்ன காகிதம் ஒன்று உண்டு. மணியார்டர் படிவத்தின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த சிறு துண்டைத்தான் சொல்கிறேன். பணத்தைக் கொடுத்துக் கைநாட்டு வாங்கிக்கொண்டு தபால்காரர் கிழித்துத் தருவாரே, அது. நான்கு வரிக்குத்தான் இடம். "ரூ. 15. விதைநெல் வாங்கவும்." மாதா மாதம் அது வந்துகொண்டிருந்தால் ஆள் இருக்கிறார். நின்றுபோனால் கடிதம் சொல்லாததை அதுவே சொல்லிவிடும். அதற்குப் பிறகு தந்தி வந்தது என்றால் படிக்கும் முன்பே அழுகை தொடங்கிவிடும்.

எழுதவே வழியில்லாதவர்கள்

தணிக்கைக்கு உட்பட்டாலும் எழுத முடிந்தவர்கள் பாக்கியசாலிகள். 1942 மார்ச் 8இல் ரங்கூன் விழுந்தபின் இங்கேயே தங்கிவிட்ட நம்மவர்களுக்கு இந்தியாவோடு தபால் தொடர்பே அறுந்துபோயிற்று. நடந்து போனவர்கள் 4 லட்சத்துக்கும் அதிகம். அவர்களில் யார் ஊர் சேர்ந்தார்கள், யார் வழியில் விழுந்தார்கள் என்று இங்கிருந்தவர்களுக்குத் தெரியாது. இங்கிருப்பவர்கள் குண்டுவீச்சில் பிழைத்தார்களா என்று அவர்களுக்கும் தெரியாது. 1945 மே மாதம் ரங்கூன் மீண்டும் கைமாறிய பின்தான், பழைய பர்மா அஞ்சல்தலையின் மேல் 'ராணுவ நிர்வாகம்' என்று பொருள்படும் ஆங்கிலச் சுருக்கத்தை அச்சடித்துத் தபால் ஓடத் தொடங்கியது.

நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர்கள் ஐராவதிக் கரையில் எதிர்ப்பக்கம் நின்றார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் அதில் ஏராளம், பெண்களும்கூட. இந்தியாவில் இருந்த உறவுகளுக்கு அவர்களால் ஒரு வரி எழுத முடியவில்லை. சியாம்–பர்மா மரண ரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களின் நிலை அதைவிடக் கொடியது. அந்தப் பாதை தன்பியூசயாட்டில் வந்து முடிகிறது. ஜப்பானியரிடம் கைதான வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்காவது, அச்சடித்த வாக்கியங்களோடு எப்போதாவது ஓர் அட்டை கிடைத்தது. நம் கூலிகளுக்கு அதுவும் இல்லை. அவர்கள் செத்த செய்தியைக் கூட எந்தத் தபாலும் கொண்டுபோகவில்லை.

உங்கள் வீட்டில் ஒரு கடிதம் இருந்தால்

பழைய பட்டாளத்துக் கடிதம் கைவசம் இருந்தால் முதலில் உறையைப் பாருங்கள். உறையைத் தூக்கி எறிந்துவிட்டுக் கடிதத்தை மட்டும் வைத்திருப்பவர்கள் பலர், அது பெரிய நஷ்டம். முத்திரையில் எஃப்.பி.ஓ. எண்ணும் தேதியும் இருக்கும். அன்றைக்கு ரகசியமாக இருந்த பட்டியல்களைக் கொண்டு, எந்த எண் எந்தத் தேதியில் எந்த ஊரில் இருந்தது என்று அஞ்சல்தலை ஆர்வலர்கள் தொகுத்து வைத்திருக்கிறார்கள். எண்ணையும் தேதியையும் சேர்த்துப் பார்த்தால் பல சமயங்களில் இடம் தெரிந்துவிடும். மனைவியிடம் அன்று சொல்ல முடியாததைக் கொள்ளுப்பேரனிடம் முத்திரை சொல்லிவிடும். தண்ணீர் மட்டும் படவிடாதீர்கள். பலர் எழுதியது காப்பியிங் பென்சிலில். ஈரம் பட்டால் எழுத்து ஊதா நிறமாகக் கரைந்துவிடும்.

அடுத்து, எதைப் பற்றி அதிகம் எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். தான் இருக்கும் இடத்தைப் பற்றி எழுதத் தடை. தான் செய்யும் வேலையைப் பற்றி எழுதத் தடை. தன் பயத்தைப் பற்றி எழுத அவருக்கே மனம் இல்லை. மீதி இருப்பது வீடு ஒன்றுதான். அதனால்தான் மாடும் கன்றும் வட்டிப் பாக்கியும். அந்தப் பக்கங்களில் அவர் வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் பெரியம்மாவின் பேரப்பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, பெட்டியைத் திரும்பத் திறந்தோம். ஏழாவது கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. "நீயும் நானும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்த நடையைத் தினமும் நினைத்துக்கொள்கிறேன். இப்போது அங்கே மழை." முன்பு படித்தபோது பிள்ளைகள் இதைத் தாண்டிப் போயிருந்தார்கள். ஊர்ப்பெயர் இல்லாததால் தணிக்கையாளரும் தாண்டிப் போயிருக்கிறார். தாமு வழியாக 1942இல் நடந்தவர் அவர். அங்கே மழை என்று அவருக்கு எப்படித் தெரியும்? மனைவிக்கு மட்டும் புரிந்திருக்கும். அதே சாலையில், மண்வெட்டியோடு, அவர் திரும்ப நின்றுகொண்டிருந்தார்.

அதே கடிதத்தின் கடைசியில், "செவலைக் கன்றுக்கு மூக்கணாங்கயிறு போட்டாயிற்றா?" என்று கேட்டிருக்கிறார். போட்டாயிற்றா இல்லையா என்று கடைக்குட்டி கேட்டான். பதில் எங்களிடம் இல்லை. சண்டைக்குப் போகும்போது வீட்டுக் கடிதங்களைக் கையில் கொண்டுபோகக் கூடாது என்பது உத்தரவு, பிடிபட்டால் அதுவும் ஒரு புள்ளி. அவர் மனைவி எழுதியவற்றில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.